மூன்று நிமிடம், ஒரே ஸ்லைடு: குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஆய்வுரைப் போட்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

முனைவர் பட்ட ஆய்வாளர்களின் பணியைப் பிற துறையினருக்கும் பொதுமக்களுக்கும் காட்டும் விழாக்களைப் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாக நடத்திவருகின்றன. பெரும்பாலும் அவை சுவரொட்டிக் கண்காட்சிகளாகவே அமைந்துவிடும். நீண்ட கூடத்தில் வரிசையாகப் பலகைகள் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் ஆய்வாளர் நிற்பார். பலகையில் படிக்க முடியாத அளவுக்குச் சிறிய எழுத்தில் சுருக்கம், முறை, முடிவு எல்லாம் அச்சாகியிருக்கும். வேதியியல் பேராசிரியர் வேதியியல் பலகைகளின் முன் நின்று பேசிவிட்டுத் தேநீருக்குப் போய்விடுவார். வரலாற்றுத் துறையினர் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். துறைகளை ஒரே கூரையின் கீழ் கூட்டுவது எளிது என்பதையும், ஒரு துறையின் பேச்சை இன்னொரு துறையைக் கேட்கவைப்பது கடினம் என்பதையும் இத்தகைய விழாவை ஒருமுறை நடத்திப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இந்தச் சிக்கலுக்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் கண்ட விடைதான் ‘த்ரீ மினிட் தீசிஸ்’ என்ற போட்டி. சுருக்கமாக 3எம்டி என்பார்கள். ஆய்வாளர் மேடையேறி, மூன்று நிமிடங்களுக்குள், ஒரே ஒரு ஸ்லைடின் துணையோடு, தம் ஆய்வேட்டின் சாரத்தை அத்துறை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இன்று 85-க்கும் மேற்பட்ட நாடுகளில் 900-க்கும் அதிகமான பல்கலைக்கழகங்கள் இதை நடத்துகின்றன. இவ்வளவு பரவிய ஒரு வடிவம் எதைச் சாதிக்கிறது, எதைச் சத்தமில்லாமல் ஓரங்கட்டுகிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வறட்சியில் பிறந்த யோசனை

அன்றைய குயின்ஸ்லாந்து கடும் வறட்சியில் இருந்தது. பிரிஸ்பேன் வட்டாரத்துக்குத் தண்ணீர் தரும் வைவென்ஹோ, சாமர்செட், நார்த் பைன் ஆகிய மூன்று அணைகளின் மொத்த இருப்பு 2007 ஆகஸ்டில் கொள்ளளவில் 17 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. ஒருவர் நாளொன்றுக்கு 140 லிட்டருக்குமேல் பயன்படுத்தக் கூடாது என்று அரசு இலக்கு வைத்தது. குளிக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தது. பல வீடுகளின் குளியலறைச் சுவரில் முட்டை வேகவைக்கும் நேரத்தைக் கணக்கிட வைத்திருக்கும் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒட்டப்பட்டிருந்தது. அப்போது பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பட்டப் பிரிவின் தலைவராக இருந்த பேராசிரியர் ஆலன் லாசன், தண்ணீருக்கு வைத்த அந்த அளவை ஆய்வுப் பேச்சுக்கும் வைத்தால் என்ன என்று யோசித்தார். முதல் ஆண்டுப் போட்டியில் 160 ஆய்வாளர்கள் கலந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே பிற ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு அழைப்பு போயிற்று. 2010-இல் இரு நாடுகளையும் சேர்ந்த 33 பல்கலைக்கழகங்களின் வெற்றியாளர்கள் பிரிஸ்பேனில் மோதினார்கள். 2016-இல் அது ஆசிய-பசிபிக் போட்டியாக விரிந்தது.

மணற்கடிகாரக் கதை சுவையானது. எந்த அறிமுகத்திலும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஆனால் இந்த யோசனை வேர்பிடித்ததற்கு வறட்சியைவிட வலுவான காரணம் ஆஸ்திரேலிய முனைவர் பட்டத்தின் அமைப்பிலேயே இருந்தது என்பது என் கருத்து. அந்நாட்டின் முதல் முனைவர் பட்டங்களை மெல்பர்ன் பல்கலைக்கழகம் 1948-இல்தான் வழங்கியது. ஆய்வேட்டை மதிப்பிடத் தகுதியான அறிஞர்கள் பெரும்பாலும் பிரிட்டனிலோ வட அமெரிக்காவிலோ இருந்தார்கள். அவர்களை நேரில் வரவழைப்பது எளிதாக இல்லை. எனவே ஆய்வேடு அஞ்சலில் போகும், தேர்வாளர்களின் அறிக்கை அஞ்சலில் திரும்பி வரும், அவ்வளவில் பட்டம் முடிவாகிவிடும். வாய்மொழித் தேர்வு என்ற சடங்கு பல பத்தாண்டுகள் அங்கே பெரும்பாலும் கிடையாது. சில பல்கலைக்கழகங்கள் அதைச் சேர்த்துக்கொண்டது அண்மையில்தான்.

நம் நாட்டு நிலைமையோடு வைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். இந்தியாவில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி திறந்த அவையில் நடக்க வேண்டும். துறை ஆசிரியர்களும் பிற ஆய்வாளர்களும் அதில் உட்காரலாம். நடைமுறையில் அது எவ்வளவு திறந்திருக்கிறது என்பது வேறு விஷயம். ஆனாலும் தம் ஆய்வைப் பற்றி எழுந்து நின்று பேசாமல் இங்கே யாரும் முனைவராவதில்லை. ஆஸ்திரேலியாவில் ஒருவர் மூன்றரை, நான்கு ஆண்டுகள் உழைத்து, துறைக்கு வெளியே ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் பட்டம் வாங்கிவிட முடிந்தது. பேசுவதற்கான ஓர் இடம் ஆய்வுக்காலத்துக்குள்ளேயே தேவைப்பட்டது. அந்த வெற்றிடத்தில்தான் இப்போட்டி வந்து அமர்ந்தது.

தடைகளின் பட்டியல்

போட்டியின் விதிகளைப் படிக்கும்போது முதலில் கண்ணில் படுவது அதில் எதுவெல்லாம் கூடாது என்பதுதான். ஸ்லைடு ஒன்றே ஒன்று. அதில் எந்த அசைவும் கூடாது. ஒலியோ காணொளியோ கூடாது. கையில் எந்தப் பொருளும் கூடாது. உடை அலங்காரமும் கருவியும் கூடாது. கவிதையாக, ராப்பாக, பாட்டாகச் சொல்லக் கூடாது; பேச்சாகத்தான் சொல்ல வேண்டும். மேடையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பேசுபவர் முதல் சொல்லை உச்சரித்த கணத்திலோ, உரையின் பகுதியாக ஓர் அசைவைச் செய்த கணத்திலோ கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் தகுதிநீக்கம். நடுவர்களின் முடிவே இறுதி.

இவ்வளவு கெடுபிடி தேவையா என்று தோன்றலாம். ஒப்பீட்டுக்கு, பிரிட்டனின் செல்ட்டன்ஹாம் அறிவியல் விழாவில் 2005-இல் தொடங்கிய ஃபேம்லேப் போட்டியை எடுத்துக்கொள்ளலாம். அதிலும் மூன்று நிமிடம்தான். ஆனால் அங்கே ஸ்லைடு கிடையாது. கையில் எடுத்துச் செல்லக்கூடிய பொருள்களை மேடைக்குக் கொண்டுபோகலாம். பலூன், கயிறு, பழம் என்று ஏதாவது ஒன்றை வைத்து விளக்குவார்கள். அறிவியலுக்கு மட்டுமான மேடையில் அது பொருந்துகிறது. எல்லாத் துறைகளும் போட்டியிடும் மேடையில் பொருளை அனுமதித்தால் என்ன ஆகும்? உயிரியல் ஆய்வாளர் ஒரு மாதிரி நுரையீரலோடு வருவார். எந்திரவியல் ஆய்வாளர் ஓடும் எந்திரத்தோடு வருவார். சட்டத்தில் ஆய்வு செய்பவர் வெறுங்கையோடு வருவார். துறைக்குத் துறை மாறுபடும் வசதிகள் அத்தனையையும் விதிகள் பிடுங்கிக்கொள்வதால், எல்லோருக்கும் மிஞ்சுவது குரல், உடம்பு, ஒரு நிலைப்படம். அந்தச் சமநிலையில்தான் ஒரே நடுவர் குழு எல்லோருக்கும் மதிப்பெண் போட முடிகிறது. இப்போட்டியின் மூளை அதன் தடைகளில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

நேரக் கணக்கையும் பார்ப்போம். 80,000 சொற்கள் கொண்ட ஆய்வேட்டைப் படித்துக் காட்ட 9 மணி நேரம் ஆகும் என்பது போட்டியை நடத்துவோர் வழக்கமாகச் சொல்லும் வாசகம். அந்த வேகத்தில் மூன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 440 சொற்கள் கிடைக்கும். கேட்பவருக்கு மூச்சுவிட இடம் கொடுத்துப் பேசினால் 400-க்கும் கீழே. அதாவது ஆய்வேட்டின் சொற்களில் இருநூறில் ஒரு பங்குதான் மேடைக்கு வரும். ஆய்வேட்டைச் சுருக்க முயன்றவர்கள் இந்தக் கணக்கில் தோற்றுப்போகிறார்கள். ஐந்து இயல்களுக்கும் அரை நிமிடம் அரை நிமிடமாகப் பங்கிட்டால் எந்த இயலும் கேட்பவர் மனத்தில் நிற்காது. ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறவர்தான் தேறுகிறார். எதை விடுவது என்ற முடிவை நெறியாளர் எடுத்துத்தர முடியாது; பெரும்பாலான நெறியாளர்களுக்கு எதையும் விட மனம் வராது.

ஒரு வெற்றி உரையின் உள்ளே

2011-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய-நியூசிலாந்துப் போட்டியில் வென்றது குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர் ஒருவரின் உரை. அவர் எடுத்துக்கொண்ட பொருள் கைரேகை. தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்களில் கணினித் திரை மினுங்கி ‘பொருந்தியது’ என்று காட்டிவிடும். உண்மையில் கடைசி முடிவைச் சொல்பவர் ஒரு மனிதர். இரண்டு ரேகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்து, ஒரே விரலா வேறு விரலா என்று அவர்தான் தீர்மானிக்கிறார். அந்த மனிதர் எவ்வளவு சரியாகச் சொல்கிறார் என்பதை அதுவரை யாரும் முறையாக அளந்து பார்த்தது மிகக் குறைவு. இந்த ஒரு கேள்வியைத் துறைக்கு வெளியே இருப்பவரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். நீதிமன்றமும் சிறையும் அதில் தானாகவே வந்துவிடுகின்றன. பெயர் தெரியாத கலைச்சொல் ஒன்றுகூடத் தேவையில்லை. போட்டிக்கு இதைவிட வாகான பொருள் அமைவது அரிது.

அதே ஆண்டில் ‘சைக்கலாஜிக்கல் சயன்ஸ்’ ஆய்விதழில் வந்த கட்டுரையில் அந்தக் குழுவின் கணக்குகள் இருக்கின்றன. தகுதிபெற்ற நிபுணர்கள் 37 பேர். பயிற்சியில்லாதவர்கள் 37 பேர். பார்ப்பதற்கு ஒரேமாதிரி இருந்தும் வெவ்வேறு விரல்களுக்குரிய ரேகை இணைகளைக் காட்டியபோது, பயிற்சியில்லாதவர்கள் பாதிக்கும் மேற்பட்ட தடவை ‘ஒரே விரல்’ என்று தவறாகச் சொன்னார்கள். நிபுணர்கள் 444 ஒப்பீடுகளில் 3-இல் மட்டுமே தவறினார்கள். இந்த எண் மேடைக்கென்றே பிறந்தது போன்றது. கேட்டவுடன் யாருக்கும் புரிந்துவிடும்.

ஆனால் கட்டுரையில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. உண்மையிலேயே ஒரே விரலுக்குரிய இணைகளைக் காட்டியபோது நிபுணர்கள் அவற்றில் 92 விழுக்காட்டைத்தான் சரியாகக் கண்டுபிடித்தார்கள். மீதி 8 விழுக்காட்டை ‘வேறு விரல்’ என்று தள்ளிவிட்டார்கள். குற்றமற்றவரை மாட்டிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை, குற்றவாளியை விட்டுவிடும் பிழையாக மறுபுறம் வெளிப்படுகிறது. துறையைப் பொறுத்தவரை ஆழமான கண்டுபிடிப்பு இந்த இரண்டாவது எண்தான் என்று வாதிடலாம், ஏனென்றால் நிபுணத்துவம் என்பது கூர்மையான கண் மட்டுமா, சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய்வது என்ற தீர்மானமும் அதற்குள் அடங்குமா என்ற கேள்வியை அது எழுப்புகிறது. முதல் எண்ணைச் சொல்ல 15 விநாடி போதும். இரண்டாவதையும் சேர்த்து, இரண்டுக்கும் உள்ள உறவையும் விளக்க ஒரு நிமிடமாவது வேண்டும். நூற்றெண்பது விநாடி மட்டுமே கையில் உள்ள எந்த ஆய்வாளரும் எதை முன்னால் வைப்பார் என்பதை ஊகிக்கலாம். இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் உரையைக் கேட்டுவிட்டு ஆய்வை அறிந்துகொண்டதாக நினைப்பவர் பாதியைத்தான் அறிந்திருக்கிறார்.

யாருக்கு மேடு, யாருக்குப் பள்ளம்

மதிப்பீட்டு முறையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று உள்ளடக்கமும் புரியவைத்தலும்: ஆய்வின் பின்னணி, அதன் முக்கியத்துவம், முறை, முடிவு, பயன் ஆகியவை தெளிவாகத் தெரிந்தனவா என்பது. மற்றொன்று ஈர்ப்பும் எடுத்துரைப்பும்: குரல், பார்வை, வேகம், ஸ்லைடின் தெளிவு, கேட்பவருக்கு மேலும் அறிய ஆசை பிறந்ததா என்பது. ஆய்வை மலினப்படுத்தாமல் எளிமைப்படுத்தினாரா என்பதும் நடுவர்கள் பார்க்க வேண்டிய ஒன்று. இந்த ஒரு வரி இல்லாவிட்டால் போட்டி எப்போதோ பேச்சுப் போட்டியாகச் சரிந்திருக்கும்.

இவ்வளவு கவனத்தோடு வகுத்தும் களம் சமமாகிவிடவில்லை. ‘முக்கியத்துவம்’, ‘பயன்’ என்ற சொற்கள் விதிப்புத்தகத்தில் நுழைந்த உடனேயே நோயைப் பற்றி ஆராய்பவருக்கு ஒரு படி உயரம் கிடைத்துவிடுகிறது. புற்றுநோய் என்றதும் அரங்கம் நிமிர்ந்து உட்காரும். நடுவர் குழுவிலும் அந்நோயால் உறவினரை இழந்தவர் ஒருவர் இருக்கக்கூடும். இயற்கணித வடிவியலில் ஒரு துணைத்தேற்றத்தை நிறுவியவர் அதே அரங்கில் முதல் ஒரு நிமிடத்தை ‘இது ஏன் உங்களுக்கு வேண்டும்’ என்று சொல்வதிலேயே கழிக்க வேண்டியிருக்கும். மெய்யியல் ஆய்வாளரின் நிலை இன்னும் சங்கடமானது. அவருடைய ஆய்வேட்டின் மதிப்பு முடிவில் இல்லை. வாதம் நடந்துபோகும் பாதையில் இருக்கிறது. வாதத்தின் ஒவ்வொரு படியையும் எதிர்வாதத்தையும் நீக்கிவிட்டு முடிவை மட்டும் சொன்னால் அது எல்லோரும் ஏற்கெனவே அறிந்த ஒரு கருத்தாகக் காதில் விழும்.

வரலாறு, இலக்கியம் போன்ற கலைத் துறையினர் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: ஒரு மனிதரை, ஒரு ஆவணத்தை, ஒரு ஊரை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் வழியே கேள்வியைக் காட்டுவது. காப்பகத்தில் கிடைத்த ஒரு கடிதத்தின் படத்தை ஸ்லைடாக வைத்து, அந்தக் கடிதம் எழுப்பும் சிக்கலிலேயே மூன்று நிமிடத்தையும் செலவிடும் வரலாற்றாய்வாளர், வரைபடங்களும் அம்புக்குறிகளும் நிறைந்த ஸ்லைடோடு வரும் பொறியாளரைவிட எளிதில் அரங்கைப் பிடித்துவிடுவார். ஆகவே எல்லாக் கலைத் துறைகளும் பின்தங்குகின்றன என்று சொல்ல மாட்டேன். காட்டத்தக்க ஒரு பொருளும் பெயர் சொல்லத்தக்க ஒரு பாதிப்பும் எந்த ஆய்வில் இருக்கிறதோ அது முந்துகிறது. அவை இல்லாத ஆய்வு, அறிவியலோ கலையோ எதுவானாலும், பிந்துகிறது.

மொழி பற்றிய கேள்வி இதைவிடக் கூர்மையானது. ஆஸ்திரேலிய ஆய்வு மாணவர்களில் கணிசமானோர் வெளிநாட்டவர். இந்தியா, சீனா, ஈரான், இலங்கை எனப் பல நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். ஆய்வேட்டில் ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ள நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. மேடையில் திருத்த வழியில்லை. உச்சரிப்புக்கு மதிப்பெண் குறைக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. ஆனாலும் ‘குரலின் ஏற்ற இறக்கம்’, ‘மேடை இருப்பு’ போன்ற அளவுகோல்கள் ஆங்கிலத்திலேயே வளர்ந்தவருக்குச் சாதகமாகச் சாய்வதைத் தவிர்ப்பது கடினம். கனடாவின் பிரெஞ்சு மொழி அறிவுக் கழகமான அக்ஃபாஸ், 2012-இல் கியூபெக்கில் ‘180 விநாடிகளில் என் ஆய்வேடு’ என்ற பெயரில் இதே போட்டியைப் பிரெஞ்சில் தொடங்கியது. 2014-இல் பிரான்சும் சேர்ந்துகொண்டது. அவ்வாண்டே மான்ட்ரியலில் பிரெஞ்சு பேசும் நாடுகளின் இறுதிப்போட்டி நடந்தது. அந்தந்த மொழியில் நடத்தலாம், அதற்கும் அரங்கம் நிறையும் என்பதற்கு இது சான்று. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இந்த வடிவத்தை ஏற்க நினைப்பவர்கள் ஆங்கிலத்தைத் தானாகவே ஏற்றுக்கொள்ளாமல் இந்த முன்மாதிரியையும் எடுத்துப் பார்க்கலாம்.

இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018-இல் வேறொரு வழியைத் தேர்ந்தது. ‘அவ்சர்’ என்ற திட்டத்தின்கீழ் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் தம் ஆய்வைப் பொதுவாசகருக்கான கட்டுரையாக எழுதி அனுப்ப வேண்டும். முதற்பரிசு ஒரு லட்சம் ரூபாய். எழுத்தில் மேடைக் கூச்சம் தடையாகாது. கைரேகை ஆய்வில் பார்த்த இரண்டாவது எண் போன்றதை விளக்கவும் ஒரு பத்தி கிடைக்கும். ஆனால் அங்கே ஆய்வாளர் தம் வாசகரின் முகத்தைப் பார்ப்பதில்லை. எந்த வாக்கியத்தில் அவர் தொலைந்துபோனார் என்பது தெரியாது. அதோடு அது அறிவியல் துறைகளுக்கான திட்டம். துறைகளைக் கலப்பது அதன் நோக்கம் அல்ல.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல், குயின்ஸ்லாந்து போட்டி காணொளிக்கு மாறியது. வெற்றுப் பின்னணி, ஒரே கோணம், இடையில் வெட்டாமல் ஒரே மூச்சில் பதிவு என்று விதிகள் வந்தன. படப்பிடிப்பின் தரத்துக்கு மதிப்பெண் இல்லை என்றும் தெளிவாக எழுதினார்கள். தடைகளின் மூலம் சமப்படுத்துவது என்ற பழைய தர்க்கமே புதிய ஊடகத்துக்கும் நீண்டது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மேடையில் தடுமாறியவருக்கு அடுத்த வாய்ப்பு இல்லை. வீட்டில் பதிவு செய்பவர் திருப்தி வரும்வரை முதலிலிருந்து பேசிக்கொண்டே இருக்கலாம்.

இறுதிச்சுற்றுக்கு முன்னால்

இப்போட்டியைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் இறுதிச்சுற்றையும் வெற்றியாளரையும் சுற்றியே வருகின்றன. நிறுவனத்துக்கு அது வேண்டும்; காணொளியைப் பரப்பலாம், நிதி தருபவரிடம் காட்டலாம். ஆனால் துறைகளைக் கலக்கும் வேலை நடப்பது அங்கே அல்ல என்பது என் மதிப்பீடு. இறுதிச்சுற்றில் பேசுபவர்கள் பத்துப் பேர் அளவில்தான் இருப்பார்கள். பலமுறை ஒத்திகை பார்த்துப் பளபளப்பாக்கிய உரைகள் அவை. அதற்கு முன் துறை அளவிலும் புல அளவிலும் நடக்கும் சுற்றுகளில்தான் பெரும்பான்மையினர் பேசுகிறார்கள், பெரும்பான்மையினர் தோற்கிறார்கள், ஒருவர் பேச்சை மற்றவர் உட்கார்ந்து கேட்கிறார்கள். முதல் ஆண்டின் 160 பேரில் வெற்றிபெற்றவரைத் தவிர மற்றவர்களுக்குக் கிடைத்தது எது என்று கேட்டால், தம் முறை வரும்வரை பிறர் ஆய்வைக் கேட்க நேர்ந்ததே பெரும்பங்காக இருக்கும்.

எனவே இதைத் தொடங்க நினைக்கும் பல்கலைக்கழகம் முதலில் தீர்மானிக்க வேண்டியது தொடக்கச் சுற்றுகளை எப்படிப் பிரிப்பது என்பதை. புலம் புலமாகப் பிரித்தால் மருத்துவமும் கணிதமும் ஆரம்பத்திலேயே மோதிக்கொள்ளாது. ஒவ்வொரு புலத்துக்கும் இறுதிச்சுற்றில் ஓர் இடம் உறுதியாகும். ஆனால் துறைக்காரர்களே துறைக்காரர்களைக் கேட்கும் பழைய சுவரொட்டிக் கூடம் திரும்பிவந்துவிடும். கலந்து நடத்தினால் கேட்பவர்கள் கலப்பார்கள். ஆனால் மெய்யியல் ஆய்வாளர் முதல் சுற்றிலேயே வெளியேறுவார். புலவாரியாக மதிப்பெண் போட்டு, அவையை மட்டும் கலப்பது மூன்றாவது வழி: ஒரே அரங்கில் எல்லோரும் பேசட்டும், ஒவ்வொரு புலத்திலிருந்தும் ஒருவர் மேலே போகட்டும், நடுவர்களில் பாதிப் பேர் பேசுபவரின் புலத்துக்கு வெளியே இருந்து வரட்டும். இதற்கு அதிகம் செலவாகாது. ஒரு முழு நாளும், நாள் முழுவதும் எழுந்துபோகாமல் உட்காரச் சம்மதிக்கும் ஆசிரியர்களும் தேவை. இவற்றில் இரண்டாவதைத் திரட்டுவதுதான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கடினமான காரியம்.